கைதட்ட வேண்டிய இடம்

உட்காருங்கள், இடத்துக்கா பஞ்சம்? சிமெண்டுப் படி சுடும், இந்தத் துண்டை விரித்துக்கொள்ளுங்கள். இது வெயில் பக்கம், அதனால்தான் காலியாகக் கிடக்கிறது. எதிர்ப்பக்கம் பாருங்கள், பந்தல், நாற்காலி, ஆள் உயரத்துக்கு மின்விசிறி. அங்கே இருக்கிறவர்கள்தான் ரசிகர்களாம். பேண்டு வாத்தியத்தை மின்விசிறி இரைச்சலோடு சேர்த்துக் கேட்கிறவர்கள்.

பள்ளிக்கூட பேண்டுப் போட்டிக்கு முதல் தடவையா? அக்கா மகள் வாசிக்கிறாளா? எந்தப் பள்ளிக்கூடம்? ஓ, சிவப்புத் தொப்பி. காலையிலேயே வாசித்துவிட்டார்களே, கேட்டேன். தொப்பி நன்றாக இருந்தது. முடிவு சொல்லுகிறவரை நீங்கள் காத்திருக்க வேண்டும், பாவம்.

இப்போது மைதானத்தில் போகிற கூட்டத்தைக் கவனியுங்கள். டிரம்பெட் ஊதுகிறவர்களுக்கு ஏதோ பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். பேஸ் டிரம் அடிக்கிறவன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்த மாதிரி வருகிறான். மாப்பிள்ளை ஊர்வலம் தெருமுனையில் திரும்பும்போது ஒரு குழப்பம் வருமே, அதை இவர்கள் நேர்ரோட்டிலேயே செய்கிறார்கள். கேட்டீர்களா? அங்கே கைதட்டுகிறார்கள். பாட்டு பாதியில் நிற்கிறது, இவர்கள் தட்டுகிறார்கள். கருவாட்டுச் சந்தைக்குக் கிளம்பினவர்கள் வழி தவறி இங்கே இறங்கிவிட்டார்கள்.

என் பெயர் கிளமெண்ட். தூத்துக்குடி. ஐஸ் கம்பெனியில் சூப்பர்வைசர், அது வயிற்றுக்கு. பேண்டு என்று வந்துவிட்டால், தெற்கே எந்தப் பள்ளிக்கூடம் எந்த வருஷம் எதை வாசித்தது, யார் காலை மாற்றி வைத்தான், யார் குச்சியைக் கீழே போட்டான், எல்லாம் என்னைக் கேட்டால் தெரியும். இப்போது கேட்பதில்லை, அது வேறு. முன்பு கேட்டார்கள்.

நானும் வாசித்தவன்தான். ஒன்பதாம் வகுப்பில், எங்கள் பள்ளிக்கூடத்திலேயே, சிம்பல். இரண்டு பெரிய பித்தளைத் தட்டு, பார்த்திருப்பீர்கள். ஆட்கள் அதைச் சாதாரணமாக நினைக்கிறார்கள். மற்றவன் வாசித்துக்கொண்டே இருப்பான், சிம்பல்காரன் சும்மா நடக்க வேண்டும். சும்மா நடந்து, சும்மா நடந்து, சரியான இடத்தில் ஒரே ஒரு அடி. அந்த வருஷக் கடைசியில் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீ படிக்கிற பிள்ளை, படிப்பைப் பார் என்று சொல்லிவிட்டார். அவருக்கு என் மேல் அவ்வளவு அக்கறை. பத்தாம் வகுப்பில் கணக்கில் போய்விட்டது, அது வேறு.

கைதட்டலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் எங்கள் ஊர் ஆட்களும் இப்படித்தான். டிரம் கொஞ்சம் வேகமாக உருண்டால் போதும், தட்டிவிடுவார்கள். நடக்கிற பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று யோசிக்கிற புத்தி ஒருவனுக்கும் கிடையாது. முன்வரிசையில் டிரம் அடிக்கிறவள் திரும்பிப் பார்க்க முடியாது. பின்வரிசையின் பூட்ஸ் சத்தம்தான் அவளுக்குக் கணக்கு. இங்கே இருந்து ஐந்நூறு பேர் கைதட்டினால் பூட்ஸ் சத்தம் எங்கே கேட்கும்? இதை அவர்களுக்குச் சொன்னவன் நான். வாட்ஸப்பில் ரசிகர் குழு ஆரம்பித்தபோது முதல் விதியாக நான் எழுதிப் போட்டது இதைத்தான். நடுவில் கைதட்டுபவன் ரசிகன் அல்ல. அந்த ஒரு வரிக்கு எத்தனை பேர் கட்டைவிரல் போட்டார்கள் தெரியுமா?

அதிலிருந்து ஒரு வழக்கம் வந்துவிட்டது. பேண்டு எந்த இடத்தில் முடிகிறது என்று அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஆகவே நான் தட்டினால்தான் எங்கள் பக்கம் தட்டும். பந்தலில் முதல் வரிசை, நடு நாற்காலி எனக்கு. கடைசிப் பாட்டு நெருங்கியதும் எல்லோரும் மைதானத்தை விட்டுவிட்டு என் கையைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். ஐஸ் பாளம் தூக்கின கை. தட்டினால் அந்தக் கோடி கேட் வரைக்கும் கேட்கும். “கிளமெண்ட் அண்ணன் கை இன்னும் மடியிலதான் இருக்கு, பேசாம இருங்கல” என்று பின்னால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அதைக் கேட்பதற்காகவே சில வருஷம் கொஞ்சம் தாமதித்துத் தட்டியிருக்கிறேன்.

குழுவில் இருந்தவர்களைப் பற்றிக் கேட்காதீர்கள். இருதயராஜ் என்று ஒருவன், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். கிளாரினெட்டுக்கும் புல்லாங்குழலுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் ஒரு பக்கத்துக்கு எழுதுவான். உணர்ச்சி இருந்தது, ஆன்மா இருந்தது என்று எழுதுவான். ஆன்மா இருக்கட்டும், இடது பக்கம் திரும்பும்போது மூன்றாவது வரிசை வளைந்ததே, அதைப் பார்த்தாயா என்று நான் கேட்பேன். அதற்குப் பிறகு அன்றைக்குக் குழுவில் யாரும் பேச மாட்டார்கள். அப்படி ஒரு மரியாதை.

இப்படி இருந்தபோதுதான் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் காட்வின் என்று ஒரு புது பேண்டு மாஸ்டர் வந்தார். சின்ன ஆள், மீசை கூட ஒழுங்காக வரவில்லை. வந்ததும் அவர் செய்த முதல் காரியம், பயிற்சி நடக்கும்போது வெளியாட்கள் மைதானத்து ஓரத்தில் நிற்கக் கூடாது என்று சொன்னதுதான். வெளியாட்கள் என்றால் யார்? என்னைத் தவிர அங்கே யாரும் நிற்பதில்லை. நான் என்ன வேடிக்கையா பார்த்தேன்? சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பிள்ளைகளுக்குத் தப்பைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சரி, உன் மைதானம், நீயே வைத்துக்கொள் என்று வந்துவிட்டேன்.

என் மகள் டெல்பின் அந்த பேண்டில்தான் இருக்கிறாள். போன வருஷம் சைடு டிரம், முன்வரிசை. சாப்பிடும்போது ஒருநாள், இந்த வருஷம் நடுவில் ஒரு இடம் வருகிறது அப்பா, நீங்கள் கொஞ்சம் என்று ஆரம்பித்தாள். பேண்டைப் பற்றி எனக்கு நீ பாடம் எடுக்க வேண்டாம், மீனைச் சாப்பிடு என்றேன். இன்னொரு நாள் வந்து மேஜையில் விரலால் தாளம் போட்டுக் காட்டினாள். நன்றாகத்தான் போட்டுக்கொண்டு வந்தாள், திடீரென்று நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். என்ன, அதற்குமேல் மறந்துவிட்டதா என்று கேட்டேன். எழுந்து போய்விட்டாள். இந்த வயசுப் பிள்ளைகளுக்குப் பொறுமை என்பதே கிடையாது, ஒரு காரியத்தை முழுசாகச் சொல்ல மாட்டார்கள்.

போன வருஷப் போட்டியும் இதே மைதானத்தில்தான். நான் என் நாற்காலியில். எங்கள் பள்ளிக்கூடம் உள்ளே வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு நன்றாக வாசித்தார்கள். நான் போட்ட அஸ்திவாரம். முதல் பாட்டு, திருப்பம், இரண்டாவது பாட்டு, பிசிறு இல்லை. பிறகு மைதானத்தின் நடுவில் வந்ததும், எல்லா வாத்தியமும் ஒரே வெட்டாக நின்றது. கத்தியால் வெட்டின மாதிரி. முன்னால் வெள்ளிக் கோல் பிடித்துப் போகிறவன் கோலை மேலே தூக்கினான்.

நீங்களே சொல்லுங்கள், அதற்கு என்ன அர்த்தம்? முடிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? தட்டினேன். நான் தட்டியதும் பந்தல் முழுக்கத் தட்டியது. பிள்ளைகள் வாசிக்காமல் நடந்துகொண்டே இருக்கிறார்கள். வெளியே போகிறார்கள், மரியாதையாகப் போகிறார்கள் என்று எழுந்து நின்று இன்னும் பலமாகத் தட்டினேன். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். அப்படி ஒரு கைதட்டலை இந்த மைதானம் அதற்கு முன் கேட்டிருக்காது.

அப்புறம்தான் முன்வரிசை டிரம் அடிக்க ஆரம்பித்தது. அதற்குக் கொஞ்சம் பின்னால் டிரம்பெட் ஆரம்பித்தது. அதற்கும் பின்னால் பேஸ் டிரம். ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று பேண்டு. முன்னால் போகிறவர்கள் இடது காலில், பின்னால் வருகிறவர்கள் வலது காலில். என் மகள் குச்சியை ஓங்கியபடி இரண்டடி சும்மா நடந்தாள். அவள் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

விஷயம் என்ன தெரியுமா? அந்தக் காட்வின் நடுவில் ஒரு மௌனத்தை வைத்திருக்கிறார். வாத்தியம் நிற்குமாம். பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்குமாம். விசில் கிடையாது, சைகை கிடையாது, பின்வரிசை பூட்ஸைக் கேட்டே எல்லோரும் மறுபடி ஒன்றாக எடுப்பார்களாம். நல்ல கதை. வாத்தியத்தை எதற்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், வாசிக்கவா, சுமந்துகொண்டு நடக்கவா? பூட்ஸ் சத்தம் கேட்க வேண்டுமென்றால் போலீஸ் லயனுக்குப் போய்க் கேட்டுக்கொள்கிறேன்.

ஏழு வருஷமாக எங்களிடம் இருந்த கோப்பை அன்றைக்குப் போய்விட்டது. கைதட்டினதால்தான் பிள்ளைகள் குழம்பிவிட்டார்கள் என்று இருதயராஜ் பஸ்ஸில் மெதுவாக ஆரம்பித்தான். கைதட்டினால் குழம்புகிற பேண்டு என்ன பேண்டு, பயிற்சி போதாது என்று சொன்னேன். வல்லநாடு தாண்டுகிறவரை ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. மாஸ்டர் மேல் அவ்வளவு கோபம் எல்லோருக்கும்.

வீட்டுக்குப் போய்க் குழுவைத் திறந்தால், யாரோ என் முதல் விதியை எடுத்து மறுபடி போட்டிருக்கிறார்கள். நடுவில் கைதட்டுபவன் ரசிகன் அல்ல. அதற்குக் கீழே இன்னொருவன் அதையே போட்டிருக்கிறான். பிறகு இன்னொருவன். வரிசையாக இருபது முப்பது பேர், வேறு ஒரு வார்த்தை இல்லை. இத்தனை வருஷம் சொன்னது இப்போதாவது மண்டையில் ஏறியதே என்று நானும் ஒரு கட்டைவிரல் போட்டேன்.

அதற்குப் பிறகு குழுவை நடத்துகிற பொறுப்பை இருதயராஜிடம் கொடுத்துவிட்டேன். கேட்டான், கொடுத்தேன். அவன் முதல் வேலையாக என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டான். கண்ணாடிக் கடைக்காரன், பக்கத்தில் இருக்கிறது அவனுக்குச் சரியாகத் தெரியாது, தவறுதலாக எதையோ அமுக்கியிருப்பான். நானும் போய்க் கேட்கவில்லை.

இருங்கள், இந்தக் கூட்டம் வெளியே போகட்டும். அடுத்தது எங்களுடையதுதான். பாருங்கள், போகும்போதும் கால் சேரவில்லை. சாக்குமூட்டையைக் கொட்டினால் வெங்காயம் இப்படித்தான் போகும்.

டெல்பின் என்னோடு பேசவில்லை. ஒரு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசவில்லை என்றால், சாப்பாடு எடுத்து வைத்திருக்கு, போன் அடிக்குது, அவ்வளவுதான். பெண்பிள்ளைகளுக்குப் படிப்பு அதிகமானால் பேச்சு குறையும், நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வருஷம் அவளை லீடராகப் போட்டிருக்கிறார்கள். வெள்ளிக் கோல் அவள் கையில். அதை அவள் சொல்லவில்லை, என் வீட்டுக்காரி லில்லிதான் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் இது அவளுக்குக் கடைசி வருஷம். அந்த மௌனத்தை மறுபடியும் வைத்திருக்கிறார்கள் என்பதையும் லில்லிதான் சொன்னாள். சொல்லிவிட்டு, நீங்கள் அன்றைக்கு வேலைக்குப் போய்விடுங்களேன் என்றாள். எப்படி இருக்கிறது பாருங்கள். என் மகள் கோல் பிடிப்பாள், நான் ஐஸ் எண்ணிக்கொண்டு இருக்க வேண்டும்.

நேற்று பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய், பந்தலில் உட்காரவில்லை, வெயில் பக்கம் தனியாக உட்காருகிறேன், என் பழைய பேண்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்காருகிறேன், யாருக்கும் தொந்தரவு இல்லை, போதுமா என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். அவள் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

“வாங்கப்பா,” என்றாள். “நடுவில சத்தம் நிக்கும். அப்ப மட்டும் தட்டாதீங்க. முடிஞ்சதும் தட்டுங்க. உங்க கைச் சத்தம் எனக்குத் தெரியும். கேப்பேன்.”

எத்தனை வருஷமாகக் கைதட்டுகிறவன் நான். எனக்கு எங்கே தட்ட வேண்டும், எங்கே தட்டக் கூடாது என்று பூட்ஸ் துடைக்கிறவள் சொல்கிறாள். இருந்தாலும், சரி, நடுவில் தட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கிளமெண்ட் சொன்னால் சொன்னதுதான்.

வந்துவிட்டார்கள். அதோ கேட்டில். வெள்ளைச் சட்டை, நீலப் பட்டை. முன்னால் வருகிறவள்தான். உயரம் எங்கள் குடும்பத்து உயரம். கோலைப் பிடித்திருக்கிற கை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அங்கே ஒரு கால் மார்க் போச்சு. பந்தலில் பாருங்கள், இருதயராஜ் போனைத் தூக்கிவிட்டான். லில்லி அவன் பெண்டாட்டிக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பந்தலுக்குள் குடை.

முதல் பாட்டு பரவாயில்லை. டிரம்பெட்டில் இரண்டாவது ஆள் காற்றை மிச்சம் பிடிக்கிறான். திருப்பம். ம். மூன்றாவது வரிசை நேராகத்தான் வந்தது. தற்செயல்.

இரண்டாவது பாட்டு ஆரம்பித்துவிட்டது. நடுவுக்கு வருகிறார்கள். நான் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன், சிமெண்டு சுடுகிறது, பரவாயில்லை. நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். உங்களை நம்ப முடியாது, நீங்கள் சிவப்புத் தொப்பி.

நின்றுவிட்டது.

கேட்கிறதா? பூட்ஸ். பூட்ஸ் மட்டும். பந்தலில் ஒரு இருமல் கூட இல்லை. மின்விசிறியைக் கூட நிறுத்திவிட்டார்கள் போல. என்ன அலட்டல்.

எடுத்துவிட்டார்கள். ஒன்றாகத்தான் எடுத்தார்கள். சரி, போன வருஷம் நாங்கள் கொடுத்த பயத்தில் ஒழுங்காகப் பயிற்சி செய்திருக்கிறார்கள். அந்த வகையில் என் பங்கும் இருக்கிறது.

கடைசித் திருப்பம். வேகம் கூடுகிறது. கோலைச் சுழற்றுகிறாள், மேலே வீசுகிறாள், பிடித்துவிட்டாள். பந்தலைப் பார்த்து நிற்கிறார்கள். எல்லா வாத்தியமும் ஒரே வெட்டு. கோல் மேலே. சல்யூட்.

பொறுங்கள். பொறுங்கள், கையை எடுக்காதீர்கள்.

பார்த்தீர்களா அந்தக் கூட்டத்தை? எழுந்து நின்று தட்டுகிறார்கள். இருதயராஜ் நாற்காலி மேல் ஏறிவிட்டான். போன வருஷம் என்னைச் சொன்னவர்கள். இந்தக் காட்வினை எனக்குத் தெரியும். ஒரு மௌனம் வைத்தவன் இன்னொன்று வைக்காமல் இருப்பானா? முதலாவது சின்னது, ஏமாற்றுவதற்கு. இதுதான் நிஜமானது. அவர்களை எப்படிச் சிக்கவைத்துவிட்டான் பாருங்கள். நான் சிக்க மாட்டேன்.

என்ன செய்கிறாள் இவள்? சல்யூட் முடிந்தால் முகம் பந்தலைப் பார்த்து இருக்க வேண்டும், நடுவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். தலையைத் திருப்பி இந்தப் பக்கம் பார்க்கிறாள். தோளுக்கு மேலே, வெயில் பக்கம். இங்கே யார் இருக்கிறார்கள், நீங்களும் நானும். நேராகப் பார், நேராகப் பார். அரை மார்க். இன்னும் பார்க்கிறாள். ஒரு மார்க் போய்விட்டது. கத்தலாம், ஆனால் நடுவில் சத்தம் போடக் கூடாது.

இப்போதுதான் திரும்பினாள். கேட்டைப் பார்த்து நடக்கிறார்கள், வாசிக்காமல். பூட்ஸ் சத்தம் இங்கே வரைக்கும் வரவில்லை, அவ்வளவு கைதட்டல் அங்கே. பாவம் பிள்ளைகள், இதில் எப்படி மறுபடி எடுப்பார்கள்? கேட்டுக்கு வெளியே போய் எடுத்துக்கொண்டு உள்ளே வருவார்களாக இருக்கும்.

மைக்கில் அடுத்த பள்ளிக்கூடத்தின் பேரைச் சொல்கிறான். அவனுக்கும் தெரியவில்லை. நீங்கள் ஏன் எழுந்திருக்கிறீர்கள்? துண்டு இருக்கட்டும், உட்காருங்கள். இன்னும் முடியவில்லை.